திறந்துவைக்கப்படாத கட்டி

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. திண்டிவனத்தில் பஸ் ஏறி அதன் முழுப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தால், முடிப்பதற்குள் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வந்துவிடும். அதனால் ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'எலியாபீஸ்' என்றார்கள். நிர்வாகத்துக்கு இதில் பெரிய மனவருத்தம். 'இந்நிறுவனத்தை எலியாபீஸ் என அழைப்பது தடை செய்யப்பட்டுள்ளது' என்று வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக வருகிறவர்களுக்கும் எலியாபீஸ் எது என்று தேட வேண்டிய சிரமம் இல்லாமல் போயிற்று.

அங்கே ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள் கலைப்பிரியா, பெருமுக்கல்காரி. அவள் வேலையை யாருக்கும் புரியும்படி சொல்லிவிடலாம். புற்றுக்கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிற ஒரு புரதம் இருக்கிறது. ஆன்டிபாடி என்பார்கள். அதன் மேல் கதிர்வீசும் பொருளைத் துளியளவு ஏற்றி, கட்டி உள்ள சுண்டெலிக்கு ஊசி போட்டால், அது உடம்பெல்லாம் சுற்றிவிட்டுக் கட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கென்று உள்ள கேமராவில் பார்த்தால் கட்டி இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். மோப்பம் பிடிக்கிற நாயின் கழுத்தில் மணியைக் கட்டி அனுப்பிவிட்டு, மணி எங்கே நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பது மாதிரிதான்.

இதில் ஒரே ஒரு சங்கடம். டெக்னீசியம் என்கிற அந்தக் கதிர்ப்பொருள் யாருக்காகவும் காத்திருக்காது. ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அடுத்த ஆறு மணி நேரத்தில் அந்தப் பாதியிலும் பாதி போய்விடும். ராகு காலம், எமகண்டம், இயக்குநர் காப்பி குடிக்கிற நேரம் என்று எதையும் அது மதிப்பதில்லை. சென்னையிலிருந்து ஈயப் பெட்டியில் வந்து இறங்கியதும் அடித்துப் பிடித்துக்கொண்டு வேலையை முடிக்க வேண்டும். அந்த வளாகத்தில் நேரம் தவறாமல் தன் கடமையைச் செய்தது டெக்னீசியம் ஒன்றுதான்.

கலைப்பிரியா இந்தப் படிப்புக்கு வந்ததற்குக் காரணம் பாஞ்சாலி அத்தை. தாயில்லாத பெண்ணை, நிலக்கடலைக் காடுகளில் மல்லாட்டை ஆயப் போய்க்கொண்டே வளர்த்துப் படிக்க வைத்தவள். மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது அதைக் கொழுப்புக்கட்டி என்று நினைத்து ஒரு வருஷம் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொள்கிறாள். தலைமுடி கொட்டிவிட்டது. மருந்து ஏற்றிவிட்டு வரும்போது பஸ்ஸிலேயே வாந்தி வரும். ஆனால் கட்டி கரைந்துகொண்டிருந்தது. தவறாமல் வந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

நிறுவனத்தின் எலிகளைப் பார்த்துக்கொண்டவர் மண்ணாங்கட்டி. அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்காததால், இவரைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, எமனே முகம் சுளிக்கட்டும் என்று இந்தப் பெயரை வைத்தார்கள். ஆள் ஓய்வுபெறும் வயதிலும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அந்த எலிகளோ பிறவியிலேயே ரோமமும் இல்லாத, நோயை எதிர்க்கும் சக்தியும் இல்லாத பரிதாபமான ஜென்மங்கள். தும்மினால் போதும், செத்துப்போகும். அவற்றில் ரொம்ப நோஞ்சானாக, தோளில் மல்லாட்டைப் பருப்பு அளவுக்குக் கட்டியோடு இருந்த ஒன்றுக்கு அவர் 'குப்பு' என்று பேர் வைத்தார்.

"நல்ல பேரு வெச்சா நெலைக்காதும்மா. இது குப்பையிலயே கெடந்து பொழைச்சிக்கட்டும்" என்றார்.

அப்படித்தான் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் புதுக் கேமரா வந்தது.

வந்ததை மாட்டிப் படம் எடுக்க வேண்டியதுதானே என்று உங்களுக்குத் தோன்றும். உங்களை யாரும் இயக்குநராகப் போட மாட்டார்கள். இயக்குநர் முனைவர் தாண்டவராயன், திறப்பு விழா நடக்காத எந்தப் பொருளையும் பொருளாகவே ஏற்றுக்கொண்டதில்லை. குடிநீர்க் குழாயைக்கூட நாடா வெட்டித்தான் திறந்தார். முதல் ஊசி ஆட்சிக்குழுத் தலைவரின் பொற்கரங்களால் போடப்பட வேண்டும் என்று முடிவாயிற்று.

நிர்வாக அலுவலர் சகாயராஜ் ஏற்பாடுகளைப் பார்க்க எலிக்கூடத்துக்கு வந்தார். குப்புவைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"இன்னா மேடம் இது? அம்மணமா இருக்குது?"

"அது வகையே அப்படித்தான் சார். ரோமம் இருக்காது."

"இருக்கட்டும். ஆனா தலைவர் முன்னாடி இந்தக் கோலத்துல நிறுத்த முடியாது. நிறுவனத்துக்குன்னு ஒரு மரபு இருக்குது."

திண்டிவனத்திலிருந்து டெய்லர் வரவழைக்கப்பட்டார். சிவப்பு வெல்வெட். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குப்புவை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கை வெச்சுத் தைக்கணுமா, கையில்லாம தைக்கணுமா?" இதை முடிவு செய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள்.

விழா நாளன்று காலையில் ஈயப் பெட்டி வந்தது. கலைப்பிரியா புரதத்தில் கதிரை ஏற்றி, ஊசியில் மருந்தை நிரப்பித் தயாராக வைத்துவிட்டாள். எல்லாம் தயார். தலைவரை மட்டும் காணோம்.

தலைவர் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் இருந்தார். அவர் கட்டணம் கட்ட வேண்டியவரா இல்லையா என்று ஒரு கேள்வி எழுந்ததாம். ஓட்டுநர் கட்டிவிடுகிறேன் என்றாராம். தலைவர் விடவில்லை. "இது கொள்கைப் பிரச்சினை" என்று சொல்லி, காரிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை இறக்கிப் பாதையில் போட்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற லாரிகள் அடித்த ஹாரனைத் தமக்குக் கிடைத்த ஆதரவு என்று எடுத்துக்கொண்டு கையசைத்தாராம்.

கலைப்பிரியா இயக்குநரிடம் ஓடினாள். "சார், மருந்து போய்க்கிட்டே இருக்கு. ஊசியை இப்பவே போட்டுடறேன். தலைவர் எப்ப வந்தாலும் கேமராவைத் திறந்துவைக்கட்டும்."

தாண்டவராயன் அவளைக் கருணையோடு பார்த்தார். "இந்தாம்மா. கதிரியக்கம் போனா வரும். தலைவர் போனா வருவாரா?"

"அந்தக் கதிர் இல்லேன்னா படத்துல ஒண்ணும் தெரியாது சார்!"

"எதைத் தெரிய வைக்கணும்ங்கறதைத் தலைவர் வந்து முடிவு பண்ணுவார்."

தலைவர் அன்று வரவில்லை. கொள்கைக்காகப் போராடிக் களைத்துப்போய் விழுப்புரத்தில் விருந்தினர் மாளிகையில் படுத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் வாசல்வரை வந்தவரை, ராகு காலம் முடியட்டும் என்று காரிலேயே உட்கார வைத்தார் சகாயராஜ். கடைசியில் நாதஸ்வரம் முழங்க உள்ளே வந்தார். கேமராவுக்கு மாலை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், ஆரத்தி எடுத்தார்கள். அதற்குச் சக்கரம் இல்லாததால் பக்கத்திலிருந்த சுழல் நாற்காலியின் சக்கரத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கினார்கள். கற்பூரப் புகை குப்பு பக்கம் வராமல் மண்ணாங்கட்டி தோள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். புகைப்படக்காரர் அவரை நகரச் சொன்னார். அவர் நகரவில்லை.

பிறகு தலைவர் பேசினார். "எனக்கு அணுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அணுவுக்கு என்னைத் தெரியும். பதினோரு நிறுவனங்களுக்குத் தலைவனாக இருக்கிறேன். ஒன்றிலும் என்ன நடக்கிறது என்று நான் கேட்டதில்லை. அந்த அளவுக்கு விஞ்ஞானிகளுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறேன்." கைதட்டல் ஓய நேரமாயிற்று.

முந்தின நாள் நிரப்பிய அதே ஊசியைத் தலைவர் தொட்டுக் கொடுக்க, கலைப்பிரியா போட்டாள். புரதம் கட்டியில் போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குள் விருந்து நடந்தது. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, எல்லாரும் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். படம் வந்தது. அமாவாசை இருட்டு. ஒரு புள்ளிகூட இல்லை.

"டோஸ் செத்துடுச்சு சார்" என்றாள் கலைப்பிரியா, எல்லார் காதிலும் விழும்படி.

தாண்டவராயன் மெல்ல எழுந்தார். அவர் இயக்குநரானது சும்மா இல்லை என்பது அப்போது தெரிந்தது.

"கட்டி எங்கே?" என்று கேட்டார். "நன்றாகப் பாருங்கள். எங்கேயாவது தெரிகிறதா? இல்லை! நேற்றுவரை இருந்த கட்டி இன்று இல்லை! தலைவரின் கைபட்ட ஊசியில் கரைந்துவிட்டது!"

நாதஸ்வரக்காரர் தாமாகவே கெட்டிமேளத்துக்குக் கைகாட்டினார்.

"சார்!" கலைப்பிரியா குப்புவைத் தூக்கிக் காட்டினாள். "கட்டி இதோ இருக்கு. கண்ணாலயே பாக்கலாம்."

"படத்தில் வராத கட்டி, நிர்வாகத்தைப் பொறுத்தவரை கட்டி அல்ல."

"அப்ப தோள்ல இந்த வீக்கம்?"

"அது எலியின் சொந்த விஷயம்" என்றார் தாண்டவராயன்.

மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டது: 'தலைவர் தொட்டார், புற்று விட்டது.' குப்பு என்ற பெயர் நீக்கப்பட்டு 'சஞ்சீவி' என்று சூட்டப்பட்டது. மண்ணாங்கட்டி தலையிலடித்துக்கொண்டார். "போச்சு. எமனுக்கு அட்ரஸ் எழுதிக் குடுத்துட்டானுங்க."

இதுவரைக்கும் சிரித்தாயிற்று. இனிமேல் நடந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலையில் எலியாபீஸ் வாசலில் ஜனம் நின்றது. திருவாமாத்தூரிலிருந்து, விக்கிரவாண்டியிலிருந்து, எங்கெங்கிருந்தோ, ஸ்கேன் படங்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, நடக்க முடியாதவர்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். இல்லை, இங்கே மருந்து கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பாவிகள் சொல்லவில்லை. சகாயராஜ் ஊசிக்கென்று டோக்கன் கொடுத்தார். தலைவருக்கு எடுக்கப்போகிற பாராட்டு விழாவுக்குக் கூட்டம் வேண்டியிருந்தது.

கலைப்பிரியா கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தாள். மறுநாள் அத்தைக்கு மருந்து ஏற்றும் நாள். அத்தை வாசலில் உட்கார்ந்து பத்திரிகைத் துண்டைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பி வெச்சுக்கோ அத்தே. காலையில மொத பஸ்ஸு."

"நான் பாண்டிக்கு வர்ல கலை."

"இன்னாது?"

"ஒங்க ஆபீசுலயே கொணமாயிடுதாமே. எலிக்கே போட்டிருக்காங்க, எனக்குப் போட மாட்டாங்களா? நீ சொன்னா மொதல்ல போடுவாங்க. எவ்ளோ நாளைக்குத்தான் இந்தப் பேஜாரு? மருந்த ஏத்திக்கினு, வாந்தி எடுத்துக்கினு, மொட்டத் தலையோட..." அத்தை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அது பொய் அத்தே. எலிக்குக் கொணமாவல."

"பேப்பர்ல போட்ருக்குதே."

"நானே சொல்றேன் அத்தே, நான்தான் அந்த ஊசியைப் போட்டேன்!"

அத்தை அவளைப் பாவமாகப் பார்த்தாள். "நீ சின்னப் பொண்ணு. ஒனக்கு இன்னா தெரியும்? டைரட்டரே சொல்றாரு."

இவளைப் படிக்க வைக்க முதுகொடிய மல்லாட்டை ஆய்ந்தவள், அந்தப் படிப்பைவிடக் கோட்டுப் போட்டவன் பேச்சை நம்பினாள். கலைப்பிரியாவுக்கு அன்று வந்த அழுகை அத்தை மேல் வந்த கோபமில்லை. மறுநாள் முதல் பஸ் அத்தை இல்லாமல் போயிற்று.

அந்த வாரம் வழக்கமான ஈயப் பெட்டி வந்தபோது, அதிகாரிகள் எல்லாரும் பாராட்டு விழாவுக்குப் பந்தக்கால் நடப் போயிருந்தார்கள். கலைப்பிரியா யாரிடமும் கேட்கவில்லை, நல்ல நேரமும் பார்க்கவில்லை. கதிரை ஏற்றினாள், ஊசி போட்டாள், உரிய நேரத்தில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கேமராவை ஓட்டினாள். குப்புவின் தோளில் கட்டி, கார்த்திகை விளக்கு மாதிரி நின்று எரிந்தது.

"தோ பார்ரா!" என்றார் மண்ணாங்கட்டி.

மூன்று வருஷ உழைப்பு பலித்துவிட்டது. அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. இயக்குநர் பந்தக்கால் நட்டுத் திரும்பியதும், படத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குள் போனாள்.

தாண்டவராயன் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. இந்தப் படத்தைத் திறந்துவைத்தது யார்?"

"யாரும் இல்ல சார்."

"குத்துவிளக்கு?"

"ஏத்தல."

"அப்போ இது அதிகாரபூர்வமான கட்டி இல்லையம்மா." படத்தை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு. பட்டம் வாங்கணுமா வேண்டாமா? விழாவில் நன்றியுரை நீதான். எழுதிக் கொடுத்ததை அப்படியே படி."

நன்றியுரையை யாரும் காதில் வாங்குவதில்லை. பந்தியைப் பார்த்துக் கூட்டம் நகர ஆரம்பிக்கிற நேரம் அது. அதனால்தான் அது எப்போதும் மாணவிகளின் தலையில் விழும்.

பாராட்டு விழா அன்று பந்தல் நிரம்பி வழிந்தது. டோக்கன்காரர்களையெல்லாம் முன்வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். நாலாவது வரிசையில், கையில் டோக்கனை இறுகப் பிடித்துக்கொண்டு பாஞ்சாலி அத்தை இருந்தாள். மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் சட்டையோடு சஞ்சீவி. அதற்குத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். பெரிய பொன்னாடை. எலியைக் காணவில்லை. தேடி எடுத்து மறுபடியும் போர்த்தினார்கள்.

கடைசியில் கலைப்பிரியா மைக் முன்னால் வந்தாள். எழுதிக் கொடுத்த தாளை மடித்து வைத்தாள்.

"சுங்கச்சாவடியில நாற்காலி போட்டு உட்கார்ந்த தலைவருக்கு முதல் நன்றி. அவர் எழுந்திருக்கறதுக்குள்ள மருந்துல பாதி போயிடுச்சு." தலைவர் என்று காதில் விழுந்ததும் கூட்டம் கைதட்டியது. தலைவரும் எழுந்து கும்பிட்டார். "அவரைத் தூங்க வெச்ச விருந்தினர் மாளிகைக்கு நன்றி. மீதிப் பாதியும் பாதியா அங்கதான் கரைஞ்சுது. ராகு காலம் பார்த்த நிர்வாக அலுவலருக்கு நன்றி. வரவேற்றவங்க, வாழ்த்தினவங்க, தலைமை தாங்கினவங்க எல்லாருக்கும் நன்றி. எல்லாரும் பேசி முடிச்சப்ப ஊசியில வெறும் தண்ணிதான் இருந்தது."

இந்தமுறை கைதட்டல் பாதியில் நின்றது. பந்தியை நோக்கி நகர்ந்தவர்கள் திரும்பினார்கள்.

"இது கொணமாக்குற ஊசியே இல்ல. கட்டி எங்க இருக்குன்னு காட்டிக் குடுக்கற ஊசி. அதுவும் எலிக்கு. படத்துல கட்டி தெரியாததுக்குக் காரணம் மருந்து செத்துப்போனது. கட்டி அப்படியேதான் இருக்கு. இங்க வந்து ஒக்காந்துகினு ஆஸ்பத்திரிய விட்டுடாதீங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"மைக்கை அணைங்க!" என்று கத்தினார் தாண்டவராயன். அணைத்தார்கள்.

கலைப்பிரியா குப்புவைக் கையில் எடுத்தாள். பொன்னாடை விழுந்தது, வெல்வெட் சட்டையையும் கழற்றிப் போட்டாள். மேடையை விட்டு இறங்கி நாலாவது வரிசைக்குப் போனாள். சகாயராஜ் குறுக்கே பாய வந்தார். மண்ணாங்கட்டி நடுவில் வந்து நின்றார். கல்லுக்குண்டை யார் தள்ள முடியும்?

"தொட்டுப் பாரு அத்தே."

"கதிரு கிதிரு இருக்கப் போவுதுடி."

"அன்னிக்கே தலைவர் பேச்சுலயே போயிடுச்சு. மறுபடி போட்டதும் இன்னேரம் செத்திருக்கும். பயப்படாம தொடு."

அத்தை சுட்டுவிரலை நீட்டினாள். அந்த விரல் ஏற்கெனவே ஒரு கட்டியை அறியும். எலியின் தோளில் வைத்து மெல்ல அழுத்தினாள். இடம் மாற்றி அழுத்தினாள். முகம் இறுகியது.

"இருக்குதுடி" என்றாள். மைக் இல்லாமலே அது பந்தல் முழுக்கக் கேட்டது. "எனக்கு மொதமொதல்ல தட்டுப்பட்டப்ப இப்படியேதான் இருந்திச்சு. கல்லாட்டம்." மேடையைப் பார்த்தாள். "அடப்பாவிகளா! தொட்டாத் தெரியறதுக்கு இத்தினி பேரு கூடி இல்லேன்னீங்களேடா!"

டோக்கனைக் கிழித்துப் போட்டாள். பக்கத்தில் ஒரு பெரியவர் கிழித்தார். பிறகு கிழிகிற சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"பாண்டிக்கு இப்போ பஸ்ஸு இருக்குதாடி?"

மறுநாளே கலைப்பிரியாவுக்கு நிறுவனத்தின் ஆணை வந்தது. கெட்டியான வழுவழு உறை, மேலே பொன்னெழுத்தில் முத்திரை. நன்றியுரையில் நன்றி அல்லாத பொருள்களைப் பேசியது, மேதகு சஞ்சீவியின் ஆடையைப் பொதுவிடத்தில் களைந்தது, அனுமதியின்றிக் கட்டியைக் கண்டுபிடித்தது ஆகிய குற்றங்களுக்காக ஆய்விலிருந்து அவள் நீக்கப்பட்டிருந்தாள். அவள் அதை பஸ்ஸில் உட்கார்ந்து படித்துவிட்டு, மறுபடியும் உறைக்குள்ளேயே மடித்து வைத்தாள். பக்கத்தில், மருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும் அத்தை அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

திண்டிவனம் வருவதற்குள் அத்தைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "கவரு இருக்குதாடி?" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

கலைப்பிரியா ஆணையை வெளியே எடுக்காமலே உறையை விரித்து நீட்டினாள். நல்ல கெட்டிக் காகிதம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு புற்றுநோயாளிக்குச் செய்த முதல் உதவி அதுதான்.